காட்டுப்பன்றியைத் தடுக்கும் மின்வேலி: அமைப்பது எப்படி?

திருச்சி மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரமான துறையூர், உப்பிலியபுரம் பகுதிகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடுவோருக்கும், தெற்கே மணப்பாறை, மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பகுதிகளில் நிலக்கடலை போடுவோருக்கும் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரை ஒரே இரவில் ஒரு கூட்டம் அழித்துவிட்டுப் போய்விடுகிறது. தின்பது கொஞ்சம், மிதிப்பதும் கிளறுவதும் சாய்ப்பதும்தான் அதிகம். மக்காச்சோளத் தட்டையை முறித்துக் கதிரில் பாதியைக் கடித்துப் போடும். நிலக்கடலையை வரிசையாக உழுதது போலக் கிளறும். பால் பிடித்த நெல்லில் விழுந்து புரளும்.

ஸ்ரீரங்கம், அந்தநல்லூர்ப் பக்கம் வாழையும் கரும்பும் வைத்திருப்போர், இது மலையடிவாரத்துக்காரர்கள் பாடு என்று இருந்துவிடக் கூடாது. பன்றிக்கு மலை வேண்டுமென்பதில்லை. பகலில் படுக்கப் புதர், புரளத் தண்ணீர், இரவில் தின்னப் பயிர் ஆகிய மூன்றும் கிடைத்தால் அது எங்கும் தங்கிவிடும். சீமைக்கருவேலும் நாணலும் கோரையும் மண்டிய ஆற்றோரமும் வாய்க்கால் ஓரமும் அதற்குப் போதும். வாழைத் தோட்டத்தில் நுழைந்தால் பக்கக்கன்றைத் தோண்டிக் கிழங்கைத் தின்னும். வேர் அறுந்த தாய்மரம் தாரோடு சாய்ந்துவிடும்.

இதற்கு முறையான மின்வேலி நல்ல தடுப்பு. ஆனால் மின்வேலி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் நம் கிராமங்களில் வழங்குகின்றன. ஒன்று பன்றியை விரட்டும். மற்றொன்று ஆளைக் கொல்லும். இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு வேலி போடும் முறைக்கு வருவோம்.

பம்புசெட் மின்சாரம் வேண்டவே வேண்டாம்

பம்புசெட் கொட்டகையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வரப்பைச் சுற்றிக் கட்டிய கம்பியில் மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. செலவில்லை, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால் இதைச் செய்கிறார்கள். இந்தக் கம்பியில் பன்றி மட்டும்தான் சிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இரவில் மடை திருப்பப் போனவர், பக்கத்துக் கொல்லைக்காரர், ஆடு தேடி வந்த பிள்ளை, அவிழ்த்துக்கொண்டு வந்த மாடு என்று யார் வேண்டுமானாலும் சிக்கலாம். கட்டியவரே மறதியாகக் கை வைத்து மாண்டுபோவதும் உண்டு.

2023-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காகப் போட்டிருந்த மின்கம்பியில் பட்டு மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். பயிரைக் காக்கப் போனவர் சிறைக்குப் போனார்.

‘நான் நேராகக் கொடுக்கவில்லை, நடுவில் ஒரு பல்பு போட்டுக் குறைத்துத்தான் கொடுக்கிறேன்’ என்று சிலர் சொல்வார்கள். இது மிகத் தவறான எண்ணம். 60 வாட் பல்பு ஒன்று முழு வெளிச்சத்தில் எரியும்போது அதன் வழியே சுமார் 260 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியர் போதும்; 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. ஆகவே பல்பு ஆளைக் காப்பாற்றாது.

‘ஃபியூஸ் போய்விடும்’ என்பதும் அப்படியே. ஈர வரப்பில் நிற்கும் மனிதன் உடல் வழியே ஓடுவது சுமார் கால் ஆம்பியர்தான். ஐந்து, பத்து ஆம்பியர் தாங்கும் ஃபியூஸ் அதற்கு எப்படிப் போகும்? மனிதன் செத்துக் கிடந்தாலும் ஃபியூஸ் அப்படியேதான் இருக்கும்.

சட்டமும் கடுமையானது. பம்புசெட்டுக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேலிக்குப் பாய்ச்சுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி மின் திருட்டாகும். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உயிர் போனால் அதற்கென்று தனி வழக்கும் வரும்.

முறையான கருவி என்ன செய்கிறது?

முறையான மின்வேலிக்கு ஒரு சிறிய பெட்டி உண்டு. கடைக்காரர்கள் இதை ‘எனர்ஜைசர்’ என்பார்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துத் தன்னுள் சேர்த்து வைத்துக்கொண்டு, வினாடிக்கு ஒரு முறைக்கு மேற்படாமல் ஒரு துடிப்பாகக் கம்பியில் தட்டிவிடும். அந்தத் துடிப்பின் அழுத்தம் 5,000 முதல் 10,000 வோல்ட் வரை இருக்கும். ஆனால் அது நீடிக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

230 வோல்ட் கொல்லும்போது 8,000 வோல்ட் எப்படிக் கொல்லாமல் விடும் என்று கேட்கலாம். கொல்வது வோல்ட் மட்டும் அல்ல. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம் உடலில் ஓடுகிறது என்பதும்தான். சுட்ட தோசைக்கல்லில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொள்வதற்கும், உள்ளங்கையை அதில் அழுத்திப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. வீட்டு மின்சாரம் இடைவிடாமல் ஓடுவதால் தசை இறுகிக் கை கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. துடிப்பு வேலியிலோ ஒரு தட்டு தட்டியதும் முழுதாக ஒரு வினாடி ஓய்வு. அதற்குள் பன்றி பின்வாங்கி ஓடிவிடும். பலமாக வலிக்கும், ஆனால் உயிருக்குக் கேடு இல்லை.

இந்த வகைக் கருவிக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மேற்படக் கூடாது, இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு வினாடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். வாங்கும்போது ஐ.எஸ். 302, பகுதி 2, பிரிவு 76 என்ற தரத்துக்கு உட்பட்டதா என்று கேட்டு, பெட்டியின் மேல் பார்த்து வாங்க வேண்டும். உள்ளூரில் யாரோ கட்டிக் கொடுக்கும் பெயரில்லாப் பெட்டியை மலிவு என்று வாங்கக் கூடாது. அதற்குள் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

நியூஜிலாந்தில் 1930-ஆம் ஆண்டுகளிலிருந்தே மாட்டுப் பண்ணைக்காரர்கள் மின்வேலியைக் கையாண்டு வருகிறார்கள். இது நமக்குப் புதிதாக இருக்கலாம், உலகத்துக்குப் பழையது.

பன்றியின் இயல்பு

வேலி போடுவதற்கு முன் பன்றியை அறிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கண் பார்வை குறைவு. மோப்பமும் காதும் கூர்மை. பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் தனியாக வரும். சினைக்காலம் சுமார் நான்கு மாதம். ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடுவது வழக்கம். ஆகவே இந்த ஆண்டு ஐந்து வந்த இடத்தில் அடுத்த ஆண்டு இருபது வந்தால் வியப்பில்லை.

அதன் தோலில் முரட்டு மயிரும், மயிரின் மேல் காய்ந்த சேறும் அப்பியிருக்கும். முதுகிலோ விலாவிலோ கம்பி பட்டால் மின்துடிப்பு சரியாக உறைக்காது. உறைக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஈரமான மூக்கு. பன்றி எப்போதும் மூக்கைத் தரையோடு நீட்டி முகர்ந்துகொண்டே வரும். மூக்கில் பட்டால் பின்னுக்கு ஓடும். தலை உள்ளே போன பிறகு காதுக்குப் பின்னால் பட்டால் மிரண்டு முன்னுக்குத்தான் பாயும். வேலியை அறுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடும்.

எனவே கீழ்க்கம்பியின் உயரம்தான் இந்த வேலியின் உயிர்நாடி. மாட்டுக்குக் கட்டுவது போல இடுப்பு உயரத்தில் கம்பி கட்டிவிட்டு, ‘மின்வேலி போட்டும் பன்றி வருகிறதே’ என்று சொல்வதில் பயனில்லை.

ஒரு ஏக்கருக்குத் தேவையானவை

ஏறத்தாழச் சதுரமாக உள்ள ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. பன்றிக்கு மூன்று கம்பி போதும். அதன்படி:

கம்பி: சுமார் 2,500 அடி. நாகம் பூசிய 14 கேஜ் ஜி.ஐ. கம்பி ஒரு கிலோவுக்குச் சுமார் 130 அடி வரும். ஆகவே 20 கிலோ போதும். 12 கேஜ் இன்னும் உறுதி; ஆனால் எடை சுமார் ஒன்றே முக்கால் மடங்கு ஆகும். முள்கம்பியில் ஒருபோதும் மின்துடிப்பு கொடுக்கக் கூடாது. ஆளோ மாடோ முள்ளில் மாட்டிக்கொண்டால் விடுபட முடியாமல் துடிப்பு மேல் துடிப்பாக வாங்க நேரும்.

கம்பம்: 15 அடிக்கு ஒன்று வீதம் சுமார் 56. மூங்கில், சவுக்கு, கல்கால் எதுவும் ஆகும். நான்கு மூலைக்கும் கனமான கம்பம் நட்டு உள்பக்கம் முட்டுக் கொடுக்க வேண்டும். கம்பியின் இழுவை முழுவதும் மூலைக்கம்பத்தின் மேல்தான் விழும்.

இன்சுலேட்டர்: கம்பத்துக்கு மூன்று வீதம் சுமார் 170. மரக்கம்பம்தானே என்று ஆணியில் நேராகக் கம்பியைச் சுற்றிவிடக் கூடாது. மழையில் நனைந்த மரம் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும். சைக்கிள் டியூப் துண்டு, பழைய பிளாஸ்டிக் குழாய் ஆகியவை சில வாரம் தாங்கும். வெயிலில் வெடித்த பின் கசியும்.

எனர்ஜைசர், 12 வோல்ட் பேட்டரி, சூரிய ஒளித் தகடு: ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட நிலத்துக்குப் பொதுவாக ஒரு ஜூல் அளவுள்ள கருவி போதும். ‘பத்து கிலோமீட்டர் வரை வேலை செய்யும்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். அது புல் படாத ஒற்றைக் கம்பிக்குச் சொல்லும் கணக்கு. எத்தனை ஜூல் என்று கேளுங்கள்.

இவை தவிர எர்த் கம்பிகள் மூன்று, வாசலுக்குப் பிடியுள்ள கொக்கி, மின் அளவு பார்க்கும் கருவி, எச்சரிக்கைப் பலகைகள் ஆகியவை வேண்டும்.

கம்பி கட்டும் முறை

வேலி ஓடும் தடத்தில் மூன்றடி அகலத்துக்குப் புல், செடி கொடி எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்து மேடு பள்ளத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். தரையிலிருந்து முதல் கம்பி 8 அங்குலம், இரண்டாவது 16 அங்குலம், மூன்றாவது 28 அங்குல உயரத்தில் இருக்கட்டும். பள்ளம் வரும் இடத்தில் கூடுதலாக ஒரு குச்சி நட்டுக் கீழ்க்கம்பியைத் தாழ்த்த வேண்டும். எட்டு அங்குலத்துக்கு மேல் சந்து கிடைத்தால் குட்டி முதலில் நுழையும். குட்டி உள்ளே போனால் தாய் வெளியே நிற்காது.

வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் கம்பி தண்ணீரில் படக் கூடாது. பட்டால் துடிப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். அந்த இடத்தில் கம்பியை நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுபோய், கீழே உள்ள சந்தை முள்தட்டியால் அடைத்துவிடுங்கள். காவிரிப் பாசன வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் தோட்டங்களில் இதை மறக்கக் கூடாது.

கருவியிலிருந்து வேலிக்கும், வாசலின் கீழ் மண்ணுக்குள்ளும் ஒயர் கொண்டுபோகும்போது வீட்டு ஒயரைப் பயன்படுத்த வேண்டாம். அதன் உறை 1,100 வோல்ட் வரைதான் தாங்கும். எட்டாயிரம் வோல்ட் துடிப்பு மண்ணில் கசிந்துவிடும். மின்வேலிக்கென்றே உள்ள கனத்த உறை ஒயரை வாங்கி, பி.வி.சி. குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள்.

மின்வாரியக் கம்பி மேலே போகும் இடத்தில் அதற்கு இணையாக அடியில் வேலி ஓடக் கூடாது. கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடந்துவிட வேண்டும். பக்கத்து நிலத்தில் வேறொரு மின்வேலி இருந்தால் இரண்டு வேலிக்கும் நடுவே எட்டடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் தொட்டால் இரண்டு கருவியின் துடிப்பும் மாறி மாறி அவரைத் தாக்கும்.

எர்த் சரியில்லையேல் வேலி இல்லை

மின்வேலி வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எர்த்தாகத்தான் இருக்கும். துடிப்பு கம்பியிலிருந்து பன்றியின் மூக்கு வழியாக உடலில் ஓடி, கால் வழியே மண்ணில் இறங்கி, மண் வழியே எர்த் கம்பிக்கு வந்து கருவியைச் சேர வேண்டும். இந்தச் சுற்று முடிந்தால்தான் அடி விழும். கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் கால் மண்ணில் இல்லை. மண் காய்ந்து கிடந்தால் பன்றியும் ஏறக்குறையக் கரிச்சான் நிலைக்கு வந்துவிடும்.

ஆறடி நீளமுள்ள மூன்று ஜி.ஐ. கம்பிகளைப் பத்தடிக்கு ஒன்றாக, ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அடித்து இறக்கி, மூன்றையும் ஒரே கம்பியால் சேர்த்துக் கருவியின் எர்த் முனையில் இணையுங்கள். கோடையில் வாரம் ஒருமுறை அதன் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது நல்லது. பம்புசெட் எர்த், வீட்டு எர்த் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 33 அடி தள்ளி இது இருக்க வேண்டும். பம்புசெட்டில் எர்த் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதிலேயே இணைத்தால் வேலித் துடிப்பு மோட்டாரின் உடலுக்கும் ஸ்டார்ட்டருக்கும் வந்து சேரும்.

மணப்பாறை, துறையூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களில் பங்குனி, சித்திரையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மேல்மண் சுருக்கென்று காய்ந்துவிடும். அங்கே நடுக்கம்பியைக் கருவியின் எர்த் முனையோடு இணைத்து, மேல், கீழ்க் கம்பிகளில் மட்டும் துடிப்பு கொடுக்கலாம். நுழைய முயலும் பன்றி கீழ்க்கம்பியையும் நடுக்கம்பியையும் ஒருசேரத் தொட்டு அடி வாங்கும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எப்போது போடுவது, எப்படிப் பராமரிப்பது?

பயிர் ருசிப்பதற்கு முன்பே வேலி எழுந்துவிட வேண்டும். மக்காச்சோளத்துக்குப் பூ எடுக்கும் முன்னும், நிலக்கடலைக்குக் காய் இறங்கும் முன்னும், வாழைக்குக் கன்று நட்ட உடனேயும் போடுவது நலம். ஒரு முறை உள்ளே வந்து வயிறு நிறையத் தின்ற பன்றி, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று மீண்டும் முயலும். வெளியிலேயே மூக்கில் அடி வாங்கிய பன்றி அந்தப் பக்கம் வரத் தயங்கும்.

முதல் வாரம் கீழ்க்கம்பியில் ஆங்காங்கே சிறு வெள்ளைத் துணி நாடாவைத் தரையில் படாமல் கட்டிவிடுங்கள். புதிதாக ஒன்று தொங்கினால் முகர்ந்து பார்ப்பது பன்றியின் வழக்கம். முகர்ந்தால் பாடம் கற்கும். அந்த வாரத்தில் ஒரு இரவு கூடக் கருவி அணைந்திருக்கக் கூடாது.

தினமும் மாலையில் கருவியிலிருந்து எட்டிய மூலையில் மின் அளவு பார்க்க வேண்டும். 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 3,000-க்குக் கீழே போனால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரவில் வேலியோரமாக நடந்தால் ‘டக், டக்’ என்ற சத்தமும் சிறு பொறியும் கசியும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். பெரும்பாலும் அது கீழ்க்கம்பியில் படர்ந்த புல்லாகவோ கொடியாகவோ இருக்கும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கருவியை அணைத்துவிட்டுப் புல்லை அறுங்கள். வேலிக்கு மாதம் ஒருநாள் வேலை என்று நினைப்பவர் இந்த வேலியைப் போடாமலிருப்பதே மேல்.

சூரியத் தகட்டைத் துணியால் துடைத்துத் தூசியில்லாமல் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியானால் வடிநீர் அளவு பாருங்கள். இடி மின்னல் வரும் போல இருந்தால் வேலியையும் கருவியையும் இணைக்கும் ஒயரைக் கழற்றி வைப்பது கருவியைக் காக்கும்.

ஆட்கள் நடமாடும் ஓரங்களில் 300 அடிக்கு ஒன்றாகவும் வாசலிலும் மஞ்சள் பலகையில் ‘மின்வேலி, தொடாதீர்’ என்று எழுதி வைப்பது கடமை. படிக்கத் தெரியாதவருக்காகப் படமும் இருக்கட்டும். இந்த வேலி கொல்லாது என்பதற்காகப் பிள்ளைகளை அதனருகில் விளையாட விடக் கூடாது. தலையோ கழுத்தோ கம்பியில் படுவதும், கம்பியில் சிக்கிக்கொள்வதும் ஆபத்தானவை.

நான்கு பேர் சேர்ந்தால் பாதிச் செலவு

சிறு விவசாயிக்கு இது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. கணக்குப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு ஏக்கர் வைத்திருக்கும் நான்கு பேர் தனித்தனியாக வேலி போட்டால் மொத்தம் 3,340 அடி. நான்கு ஏக்கரையும் ஒன்றாகச் சேர்த்துச் சுற்றினால் 1,670 அடிதான். கம்பி, கம்பம், இன்சுலேட்டர் எல்லாம் பாதி. கருவியும் பேட்டரியும் தகடும் நான்குக்குப் பதில் ஒன்று. அதோடு மாலையில் அளவு பார்க்கவும் புல் அறுக்கவும் முறை வைத்துக்கொள்ளலாம்.

இதில் வரும் சிக்கல் பங்காளிச் சண்டைதான். யார் எவ்வளவு கொடுப்பது, பேட்டரி யார் வீட்டில் இருப்பது, யார் முறையில் புல் படர்ந்தது என்ற பேச்சு வரும். வேலி போடும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியத் திட்டம் நடத்தியிருக்கிறது. அதில் 5, 7, 10 வரிசை என்று கம்பி வகை பிரித்து, மீட்டர் கணக்கில் செலவு மதிப்பிட்டு, 40 சதவீதம் மானியம் வழங்கப்பட்டது. நிதி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பொருள் வாங்கும் முன்பே வட்டாரப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து மனுக் கொடுங்கள். வாங்கிய பின் போனால் மானியம் கிடைக்காமல் போகலாம்.

வனத்துறை அனுமதி

2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்தில் புதிதாக மின்வேலி போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். முன்பே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். சூரிய மின்வேலிக்கும் இது பொருந்தும்.

‘எங்கள் ஊர்ப் பக்கம் காடே இல்லை’ என்று ஸ்ரீரங்கம் தீவுக்காரர்கள் நினைக்கலாம். முக்கொம்பு மேலணைக் காப்புக்காடு அங்கேதான் இருக்கிறது. மேலூரில் 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அந்தக் காப்புக்காட்டு நிலத்தில்தான் அமைந்திருக்கிறது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் என்றால் எத்தனை வாழைத் தோட்டங்கள் அதற்குள் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். வனச்சரக அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. விவசாயி தானாக அதைக் கொல்ல அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். எந்த இடத்திலும் துப்பாக்கி நம் கையில் இல்லை. அவுட்டுக்காய் வைப்பதும் குற்றம்; அதைக் கடிப்பது நம் நாயாகவும் மாடாகவும் இருக்கலாம். பன்றிக்கென்று சிலர் வரப்போரம் வைத்துவந்த போரேட் குருணை மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

ஊரில் திரியும் வளர்ப்புப் பன்றியைக் காட்டுப்பன்றி என்று எண்ணி வனத்துறைக்கு மனுப் போடுவதும் நடக்கிறது. காட்டுப்பன்றிக்கு முதுகில் பிடரி மயிர் நட்டுக்கொண்டு நிற்கும். குட்டிகளின் உடலில் அணில் போல நீளக் கோடுகள் இருக்கும். வளர்ப்புப் பன்றியானால் புகார் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போக வேண்டும். வேலி இரண்டையும் ஒரே மாதிரி தடுக்கும்.

பயிர் சேதமானால் தட்டையை அள்ளிப் போடும் முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, இழப்பீட்டுக்கு வனச்சரகருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். வேலி பற்றி ஐயம் இருந்தால் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியையோ அணுகலாம்.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கும் யாராவது ஒருவர் கொல்லையில் இன்று இரவும் பம்புசெட் ஒயர் கம்பியில் மாட்டியிருக்கலாம். புதிய வேலி போடப் பணம் சேரும் வரை அது இருக்கட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு அதை இன்றே கழற்றிவிடுங்கள். பணம் சேரும் வரை பரணில் படுத்துத் தகரம் தட்டுவோம். போன பயிரை அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம். போன உயிரை எந்தப் பட்டத்திலும் எடுக்க முடியாது.